வீட்டிலேயே டீ-சர்ட் பிரிண்ட்: கடலுக்குப் போகிறவர் போட்டால் நிற்குமா?

தங்கச்சிமடம்_தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துவிட்டது. ஜூன் 14 வரை விசைப்படகு இறங்காது. வீட்டில் ஆள் இருக்கிறோம், கைதான் சும்மா இருக்கிறது. இந்த நேரத்தில் டீ-சர்ட் பிரிண்ட் போடும் வேலையை வீட்டிலேயே தொடங்கலாமா என்று நானும் அக்காவும் யோசிக்கிறோம்.

இப்போது கேட்டு வைத்திருப்பவர்கள் மூன்று வகை. எங்கள் படகு ஆட்களுக்கு முழுக்கைச் சட்டை, முதுகில் படகு பெயர். ஊர் கபடிக் குழுவுக்கு ஜெர்சி. அப்புறம் இராமேசுவரம் வருகிற யாத்ரிகர்களுக்கு விற்க, நம்ம ஊர்ப் படம் போட்ட காட்டன் டீ-சர்ட்.

போன வருடம் வெளியில் கொடுத்து அடித்த படகுச் சட்டையில் எழுத்தெல்லாம் ஏடு ஏடாக உரிந்துவிட்டது. கேட்டால் "நீங்கள் உப்புத் தண்ணீரில் போட்டால் நாங்கள் என்ன செய்வது" என்றார்கள். கடலுக்குப் போகிறவன் சட்டை உப்புத் தண்ணீரில் படாமல் வேறு எதில் படும்? இப்போது பிரிண்டர் விற்கும் ஏஜென்ட் ஒருவர், டிடிஎஃப் மெஷின் ஒன்று எடுத்தால் எல்லாத் துணிக்கும் போதும், லோன் வாங்கித் தருகிறேன் என்று தினமும் போன் செய்கிறார். எடுக்கலாமா?

கீழை_அச்சு:

தம்பி, மெஷினைத் தள்ளி வைத்துவிட்டுத் துணியிலிருந்து வாங்க. நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று துணி. படகுச் சட்டை நனையும், காயும், திரும்ப நனையும். ஜெர்சி வியர்வையில் ஊறும். யாத்ரிகர் வாங்குவது பருத்தி, அவர் ஊரில் வாஷிங் மெஷினில் போடுவார். மூன்றுக்கும் ஒரே வழி என்று சொல்கிறவர் மெஷின் விற்க வந்தவர்.

சப்ளிமேஷன் என்பது பாலியஸ்டருக்கு மட்டும். காகிதத்தில் அடித்த சாயம் 190 முதல் 200 டிகிரிச் சூட்டில் ஆவியாகி இழைக்குள் புகுந்துவிடும். ஆறியதும் உள்ளேயே தங்கிவிடும். கையால் தடவினால் எழுத்து இருப்பதே தெரியாது. உரிவதற்கு மேலே ஒன்றும் இல்லை. பருத்தியில் அடித்தால் துவைக்கத் துவைக்கப் போய்விடும். வெள்ளை மையும் கிடையாது, அதனால் கறுப்பு, கருநீலத் துணியில் வராது.

டிடிஎஃப் எல்லாத் துணியிலும் எல்லா நிறத்திலும் வரும், அது உண்மை. ஃபிலிமில் படத்தை அடித்து, மேலே பசைத்தூள் தூவி உருக்கி, துணியில் வைத்து அழுத்துவது. ஆனால் அது துணியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு படலம். வலை இழுக்கும்போது நெஞ்சிலும் தோளிலும் கயிறு உரசிக்கொண்டே இருக்கிறது, அந்த இடத்தில் எந்தப் படலமும் நாள்பட நிற்காது. உங்கள் போன வருடச் சட்டையில் எந்த இடத்தில் முதலில் உரிந்தது என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

தங்கச்சிமடம்_தம்பி:

காக்கா (அண்ணே), சரியாகச் சொன்னீர்கள். நெஞ்சில் இருந்த சின்ன எழுத்துதான் முதலில் போனது. முதுகில் இருந்தது கொஞ்ச நாள் தாங்கியது.

கீழை_அச்சு:

அப்படியானால் படகுச் சட்டைக்கு இரண்டு முடிவு வந்துவிட்டது. பாலியஸ்டர் துணி, சப்ளிமேஷன் பிரிண்ட். பெயர் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில். நெஞ்சில் ஒன்றும் வேண்டாம்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். சப்ளிமேஷன் சாயம் வெயிலில் மெல்ல மங்கும். உரியாது, வெளிறும். கடலில் போடுகிற சட்டைக்கு அதைத் தவிர்க்க முடியாது. எழுத்தைத் தடிமனாக, கறுப்பில் போட்டால் மங்கினாலும் வாசிக்க முடியும்.

ஏர்வாடி_கரை:

பிரிண்டைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் படகுச் சட்டை என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தயவுசெய்து வெள்ளை, இளநீலம், சாம்பல் எடுக்காதீர்கள். ஆள் தவறிக் கடலில் விழுந்துவிட்டால் அலையின் நுரைக்கு நடுவே வெள்ளைச் சட்டை கண்ணுக்குச் சிக்காது, நீலம் சுத்தமாகத் தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு, இல்லையென்றால் ஒளிர் மஞ்சள் எடுங்கள். படகு பெயர் அழகாக இருக்கிறதா என்பதைவிட எனக்கு இது பெரிய விஷயம். லைஃப் ஜாக்கெட்டை எத்தனை பேர் போட்டுக்கொண்டு வலை இழுக்கிறார்கள்? சட்டையை எல்லோரும் போடுவார்கள்.

கீழை_அச்சு:

ஏர்வாடி அண்ணன் சொன்னது பொன்னான வார்த்தை. பிரிண்டுக்கும் அது பொருந்திப்போகிறது. ஆரஞ்சுத் துணியில் கறுப்பு சப்ளிமேஷன் நன்றாகவே விழும். துணி நிறத்தைவிடக் கரிய மை எதுவும் வரும், வெளிர் மைதான் வராது.

தங்கச்சிமடம்_தம்பி:

இதை யோசிக்கவே இல்லை. ஆரஞ்சுதான். அப்பாவிடம் சொன்னேன், அவரும் சரி என்றார்.

திருப்பூரில்_நம்மூரான்:

நான் பரமக்குடிப் பக்கம், இப்போது திருப்பூரில் துணிப் பிரிவில் இருக்கிறேன். படகுச் சட்டைக்கு "டாட் நிட்" பாலியஸ்டர் என்று கேட்டு வாங்குங்கள். பொடிப் பொடிப் புள்ளி போல் பின்னல் இருக்கும், காற்றுப் புகும், பிழிந்து கொடியில் போட்டால் சீக்கிரம் காயும். விளையாட்டு ஜெர்சியும் பெரும்பாலும் இதில்தான் தைக்கிறார்கள். சப்ளிமேஷனுக்கு நூறு சதவீத பாலியஸ்டரா என்று உறுதி செய்யுங்கள். பாதிப் பருத்தி கலந்திருந்தால் நிறம் பாதிதான் ஏறும், பழைய சட்டை மாதிரித் தெரியும்.

சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவி, வீட்டுக்கு வெளியே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கடினமான கறுப்பு மணியாக உருளும்.

யாத்ரிகர் டீ-சர்ட்டுக்கு 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) பருத்தி, பயோவாஷ் செய்தது, அதாவது நொதியில் அலசி மேல் பஞ்சு நீக்கியது. அதற்குக் கீழே போனால் வெள்ளை நிறத்தில் உடம்பு தெரியும். ராம்நாடு வெயிலுக்கு 220, 240 எல்லாம் யாரும் போட மாட்டார்கள்.

தொண்டி_பந்து:

கபடி ஜெர்சியைப் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் கால்பந்துக் குழுவுக்கு நடந்தது. சிவப்பு பாலியஸ்டர் ஜெர்சியில் வெள்ளை எண் கேட்டோம். வாங்கும்போது பால் வெள்ளை. போட்டி நாளில் பார்த்தால் எண் எல்லாம் ரோஜா நிறம். அடித்துக் கொடுத்தவர் நாங்கள் துவைத்ததில் சாயம் ஏறிவிட்டது என்று சாதித்தார். ஆனால் துவைக்காமல் பையில் இருந்த ஜெர்சியும் அதே நிறத்தில்தான் இருந்தது. அது எதனால்?

கீழை_அச்சு:

துவைத்ததால் இல்லை. பாலியஸ்டர் துணிக்குப் போட்டிருக்கும் சிவப்புச் சாயமும் சூட்டில் ஆவியாகிற ஜாதிதான். மேலே வெள்ளையை வைத்து அதிகச் சூட்டில் அழுத்தும்போது அடியில் இருக்கிற சாயம் மெல்ல மேலேறி வெள்ளைக்குள் புகுந்துவிடும். சில சமயம் அன்றைக்கே தெரியும், சில சமயம் மறுநாளோ அதற்கு மறுநாளோ தெரியும். சிவப்பும் மெரூனும்தான் அதிகம் தொல்லை தரும். குறைந்த சூட்டில் ஒட்டும் பசைத்தூள் போட்ட ஃபிலிமும், சாயத்தைத் தடுக்கும் அடிப்பூச்சு உள்ள ஃபிலிமும் கிடைக்கின்றன. "சிவப்பு பாலியஸ்டருக்கு" என்று சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு சட்டையில் அடித்து இரண்டு நாள் வைத்துப் பார்க்காமல் மொத்தத்தையும் அடிக்கவே கூடாது.

தம்பிக்கு: உடம்பு முழுக்கக் கோடும் படமுமாக வருகிற ஜெர்சியை வீட்டில் செய்ய முடியாது. அது தைப்பதற்கு முன்பே துணியைப் பெரிய உருளை மெஷினில் அடித்து, பிறகு வெட்டித் தைப்பது. அதை வெளியில் ஆர்டர் கொடுத்துவிடுங்கள். ஒரே நிற ஜெர்சி வாங்கிப் பெயரும் எண்ணும் மட்டும் போடுவதென்றால் வீட்டில் போடலாம்.

உச்சிப்புளி_தையல்:

தம்பி, நான் உச்சிப்புளியில் வீட்டிலேயே தையலோடு சேர்த்து இந்த வேலையும் பார்க்கிறேன். டிடிஎஃப் பிரிண்டர் வாங்காதீர்கள் என்று நானும் சொல்கிறேன். ஆனால் டிடிஎஃப் வேலையே வேண்டாம் என்று ஒதுக்காதீர்கள்.

பிரிண்டரில் இருக்கிற வெள்ளை மைதான் பிரச்சினை. அதில் இருக்கும் பொடி அடியில் தங்கும். தினமும் ஓட்டிக்கொண்டே இருந்தால்தான் ஹெட் (மை பீய்ச்சும் முனை) அடைக்காது. ஆர்டர் இல்லாத நாளிலும் ஓட்ட வேண்டும். கிராமத்தில் வாரம் முழுக்க ஆர்டர் வருமா? அதோடு நம்ம பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். பசைத்தூள் கட்டி கட்டியாகப் பிடித்து, எழுத்தைச் சுற்றி வெண்பொடி ஒட்டிக்கொள்ளும். ஏசி அறை இல்லாமல் அந்த மெஷினை வைத்து மல்லுக்கட்ட முடியாது.

நான் செய்வது இதுதான். படங்களை எல்லாம் ஒரே நீளத் தாளில் நெருக்கி அடுக்கி, திருப்பூரில் மீட்டர் கணக்கில் ஃபிலிம் அடித்து வாங்கிக்கொள்கிறேன். பார்சலில் வந்துவிடும். என்னிடம் இருப்பது 15க்கு 15 அங்குல ஹீட் பிரஸ் (சூடாக்கி அழுத்தும் மெஷின்) ஒன்றுதான். ஆர்டர் வந்தால் வெட்டி அழுத்திக் கொடுக்கிறேன், வராவிட்டால் ஃபிலிம் டப்பாவில் இருக்கும். அடைப்பும் இல்லை, தவணையும் இல்லை.

கீழை_அச்சு:

உச்சிப்புளி லாத்தா (அக்கா) சொல்வது நியாயம். ஆனால் யாத்ரிகர் டீ-சர்ட்டுக்கு நான் ஸ்கிரீன்தான் சொல்வேன், அதாவது சட்டத்தில் கட்டிய வலைத்துணி வழியாக மையை இழுத்து அடிப்பது. நெஞ்சு நிறைய டிடிஎஃப் படலத்தை ஒட்டினால் அந்த இடத்தில் காற்றே போகாது. அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு வெயிலில் வரிசையில் நிற்கிறவர் போடுகிற சட்டை அது. தண்ணீரில் கரைக்கிற பிக்மென்ட் மையில் ஸ்கிரீன் போட்டால் பருத்தியோடு பருத்தியாக இருக்கும்.

உச்சிப்புளி_தையல்:

காக்கா, பத்துச் சட்டைக்கு யார் ஸ்கிரீன் தயார் செய்வது? ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஃபிரேம். நான்கு நிறம் என்றால் நான்கு ஃபிரேம், ஒன்றோடொன்று மில்லிமீட்டர் பிசகாமல் உட்கார வேண்டும். புதிதாகத் தொடங்குகிற பிள்ளைக்கு அது பாரம்.

கீழை_அச்சு:

பத்துச் சட்டைக்கு வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஒரே படத்தை ஐம்பது, நூறு என்று அடிப்பதற்கு ஸ்கிரீன். யாத்ரிகர் கூட்டத்துக்கு விற்பது அப்படித்தான் இருக்கும். நிறமும் ஒன்றே போதும். வெள்ளைத் துணியில் கருநீலம், சந்தன நிறத் துணியில் கறுப்பு. ஒரு ஃபிரேம், மையை இழுக்க ஒரு ஸ்க்வீஜி (ரப்பர் பட்டை), முடிந்தது.

உச்சிப்புளி_தையல்:

ஒரு நிறம் என்றால் சரி காக்கா. பெயர் மாற்றிக் கேட்கிற கல்யாணம், பிறந்தநாள் ஆர்டருக்கு ஃபிலிம், கூட்டத்துக்கு விற்பதற்கு ஸ்கிரீன். அப்படி வைத்துக்கொள்ளலாம்.

தங்கச்சிமடம்_தம்பி:

ஸ்கிரீனை வீட்டில் எப்படித் தயார் செய்வது என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா காக்கா? இருட்டறை வேண்டும் என்கிறார்களே.

கீழை_அச்சு:

ஜன்னலை அடைத்த குளியலறை போதும். மரச் சட்டத்தில் போல்டிங் துணியை (மெல்லிய வலைத்துணி) முரசு மாதிரி விறைப்பாக இழுத்து அடிக்க வேண்டும். டீ-சர்ட்டுக்கு சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள துணி. சின்ன எழுத்து இருந்தால் இன்னும் நெருக்கமானது. மங்கலான மஞ்சள் விளக்கில் எமல்ஷனை (வெயில் பட்டால் இறுகும் பூச்சு) இரண்டு பக்கமும் மெல்லிசாக ஒரே சீராக இழுத்து, படுக்க வைத்துக் காய விடுங்கள். மழைக்காலத்தில் காய ராத்திரி முழுக்க ஆகும். முழுதாகக் காயாமல் வெயிலில் வைத்தால் கழுவும்போது படம் முழுக்க வழிந்து போய்விடும்.

படத்தை ஃபிலிமில் கன்னங்கரேலென்று அடித்து, ஸ்கிரீன்மேல் ஒட்டி, கண்ணாடி வைத்து அழுத்தி, வெளியே வெயிலில் காட்ட வேண்டும். நம்ம ஊர் உச்சி வெயிலுக்குச் சில நிமிடமே அதிகம். எவ்வளவு நேரம் என்பதை யாரும் சொல்லித்தர முடியாது, எமல்ஷனுக்கும் வெயிலுக்கும் தக்கபடி மாறும். அட்டையால் மூடிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, பட்டை பட்டையாகச் சோதித்து, எந்தப் பட்டையில் கோடு கூர்மையாக வந்ததோ அந்த நேரத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். பிறகு தண்ணீர் பீய்ச்சினால் வெயில் படாத இடம் கரைந்து வழி திறக்கும்.

இனி நம்ம பக்கத்துக்கே உரிய விஷயம். கிணற்று உவர்த் தண்ணீரை மையில் கலக்காதீர்கள். பிக்மென்ட் பேஸ்டைக் கெட்டியாக வைத்திருக்கும் பொருள் உப்புப் பட்டதும் இளகிவிடும். தயிர்போல் இருந்த பேஸ்ட் மோராகி, எழுத்தோரம் எல்லாம் கசியும். மை மட்டமானது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள், குற்றம் தண்ணீரில் இருக்கும். குடிக்க வாங்குகிற நல்ல தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள், கலக்குவதற்கு அது போதும்.

அடித்த சட்டையை முற்றத்தில் காயப் போடாதீர்கள். கச்சான் காற்று அடிக்கிற நேரத்தில் ஈர மையில் மணல் வந்து உட்கார்ந்தால் எடுக்கவே முடியாது. வீட்டுக்குள் நன்றாகக் காய்ந்த பிறகு உள்பக்கத்திலிருந்து, துணி தாங்குகிற சூட்டில், அயர்ன் பாக்ஸை நகர்த்திக்கொண்டே சில நிமிடம் தேய்க்க வேண்டும். மையைத் துணியோடு பிடித்து வைக்கும் பைண்டர் சூட்டில்தான் இறுகும். இதை விட்டுவிட்டு அடுத்த நாளே துவைத்தால் மை நிற்காது.

ஏர்வாடி_கரை:

எமல்ஷன் கழுவிய தண்ணீரை எங்கே விடுகிறீர்கள்? சில எமல்ஷனில் பைக்ரோமேட் என்ற ரசாயனம் கலக்கிறார்கள், அது கைக்கும் ஆகாது, தண்ணீருக்கும் ஆகாது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தது அங்கே பவளமும் கடற்புல்லும் இருப்பதால்தான். நம்ம பெண்கள் பாசி எடுக்க இறங்குகிற தண்ணீர் அது. பைக்ரோமேட் இல்லாத எமல்ஷன் கேட்டு வாங்குங்கள், கையுறை போடுங்கள். மிஞ்சிய மையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றாமல், பழைய செய்தித்தாளில் வழித்துக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள். ஓடையிலும் கிணற்றடியிலும் விடவே விடாதீர்கள்.

கீழை_அச்சு:

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். நான் பைக்ரோமேட் இல்லாத டையசோ எமல்ஷன்தான் பயன்படுத்துகிறேன்.

சாயல்குடி_பனை:

நான் டிசைன் வேலை பார்ப்பவன். தமிழ் எழுத்தைச் சட்டையில் போடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். ஃபைலை அனுப்பும் முன் எழுத்தை வடிவமாக மாற்றிவிடுங்கள். இங்க்ஸ்கேப் இலவசம், அதில் எழுத்தைத் தேர்ந்து "ஆப்ஜெக்ட் டு பாத்" கொடுத்தால் போதும். அப்படியே அனுப்பினால் அச்சடிப்பவர் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது. ஒற்றைக்கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் பிரிந்து நிற்கும். தமிழ் தெரியாதவர் அதை அப்படியே அடித்து அனுப்பிவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது புள்ளி. ஸ்கிரீனில் மெல்லிய எழுத்துருவின் புள்ளி வலைக்கண்ணில் அடைபடும். வினைலில் (சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக் தாள்) வெட்டினால் இன்னும் மோசம், ஒவ்வொரு புள்ளியும் தனித் துண்டு, துவைக்கிற துவையில் அதுதான் முதலில் உதிரும். பாம்பன் என்று அடித்தது பாமபன என்று ஆகிவிடும். தடித்த எழுத்துருவை எடுத்து, புள்ளியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்தின் தலையோடு தொடாமல் ஒரு மயிரிழை இடைவெளி விடுங்கள். இதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகாது.

தொண்டி_பந்து:

எங்கள் ஜெர்சியிலும் இதே கதை. தொண்டியில் ணகரத்துப் புள்ளி போய்விட்டது.

தங்கச்சிமடம்_தம்பி:

சாயல்குடி அண்ணே, யாத்ரிகர் டீ-சர்ட்டுக்கு என்ன படம் போடலாம்? கோபுரம்தான் எல்லோரும் போடுகிறார்கள்.

சாயல்குடி_பனை:

கோபுரம், சாமி படம் எல்லாம் துவைத்துப் பிழிகிற துணியில் போட நிறையப் பேருக்கு மனம் வராது. நடிகர் படம், கிரிக்கெட் அணி முத்திரை எல்லாம் அடுத்தவர் சொத்து, தொடாதீர்கள். நம்மிடம் இல்லாத படமா? ஆவுளியா (கடல் பசு), நாட்டுப் படகு, பனை வரிசை, தனுஷ்கோடிக்கு வருகிற பூநாரை, சிங்கி இறால். ஒரு நிறக் கோட்டில் எல்லாமே அழகாக வரும்.

பாம்பன் பாலம் போட்டால் சரியாக வரையுங்கள். 1914இல் திறந்த பழைய பாலத்தில் கப்பல் போகும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இரண்டு கையாக மேலே தூக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி முழுசாக, படுத்தவாக்கிலேயே நேராக மேலே ஏறும். பழைய பாலத்தை வரைந்து கீழே 2025 என்று எழுதிய சட்டையை நானே பார்த்தேன். ஊர்க்காரன் விற்கிற சட்டையில் அப்படி வரக்கூடாது.

உச்சிப்புளி_தையல்:

மெஷின் பற்றிக் கொஞ்சம். ஹீட் பிரஸ் 1,500 வாட் பக்கம் இழுக்கும், சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் செருகாதீர்கள். 16 ஆம்பியர் பாயிண்ட், நல்ல எர்த், தனி வயர். சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற தெருவாக இருந்தால் காலையிலேயே வேலையை முடியுங்கள்.

சப்ளிமேஷன் பேப்பரைத் திறந்து போட்டு வைத்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, அடிக்கும்போது நிறம் திட்டுத் திட்டாக விழும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். சட்டையையும் படத்தை வைக்கும் முன் ஒருமுறை வெறுமனே ஐந்து விநாடி அழுத்தி எடுங்கள். ஆவி பறப்பது கண்ணுக்கே தெரியும், அவ்வளவு ஈரம் நம்ம ஊர்த் துணியில் இருக்கிறது. ஒட்டியிருக்கும் பஞ்சையும் உருளையால் எடுத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு இழை பஞ்சு போதும், அந்த இடத்தில் சிவப்பாகவோ நீலமாகவோ ஒரு பொட்டு விழுந்துவிடும். பேப்பரைச் சூடு தாங்கும் டேப்பால் ஒட்டுங்கள், திறக்கும்போது நகர்ந்தால் எழுத்துக்கு நிழல் விழும். 195 டிகிரி, 50 விநாடியில் தொடங்கி, உங்கள் மெஷினுக்குத் தக்கபடி கூட்டிக் குறையுங்கள்.

உப்புக்காற்றில் ஸ்பிரிங்கும் போல்ட்டும் சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலை முடிந்து ஆறியதும் மூடி வையுங்கள், கீல்களில் எண்ணெய் விடுங்கள்.

தங்கச்சிமடம்_தம்பி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஏஜென்ட்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹீட் பிரஸ் ஒன்று, டேங்க் வைத்த சின்ன பிரிண்டரில் சப்ளிமேஷன் மை. முதுகில் படகு பெயர் ஏ4 தாளைப் படுக்கவைத்தால் அடங்கிவிடுகிறது, அளந்து பார்த்துவிட்டேன். படகுச் சட்டைக்கு ஆரஞ்சு டாட் நிட், முதலில் எங்கள் படகுக்கு மட்டும். கபடி ஜெர்சிக்கு எண் மட்டும், உச்சிப்புளி அக்கா சொன்னபடி ஃபிலிம் வாங்கி. யாத்ரிகர் டீ-சர்ட்டுக்கு ஆவுளியா படம், ஒரு நிறம், ஸ்கிரீன். காக்கா, ஸ்கிரீனை ஒருமுறை நேரில் பார்த்தால் தைரியமாக இருக்கும். கீழக்கரைக்கு எப்போது வரலாம்?

கீழை_அச்சு:

வெள்ளிக்கிழமை ஜும்ஆ இருக்கும், அது வேண்டாம். சனிக்கிழமை காலையில் அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்க. ஃபிரேமுக்கு முந்தின ராத்திரியே எமல்ஷன் போட்டுக் காய வைத்திருக்கிறேன். ஆவுளியா படத்தை ஃபிலிமில் அடர் கறுப்பில் அடித்து எடுத்து வாங்க, வெயில் ஏறியதும் எக்ஸ்போஸ் செய்துவிடலாம். புதுச் சட்டை கொண்டுவர வேண்டாம், பழைய காட்டன் பனியன் இரண்டு போதும்.

சாயல்குடி_பனை:

தம்பி, ஆவுளியாவுக்கு வால் மீன் வால் மாதிரிச் செங்குத்தாக இருக்காது, படுக்கைவசமாக விரிந்து நடுவில் பிளந்திருக்கும். நிறையப் பேர் தப்பாக வரைகிறார்கள். வரைந்ததை இங்கே போடுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துச் சொல்கிறேன்.